யார் கொடுத்த அங்கீகாரம்? வெளிநாட்டு மருத்துவப் படிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

நீட் ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே, எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளக் குமுளியிலும் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கம்பத்திலும் ஃபிளெக்ஸ் போர்டுகள் மாறிவிடும். ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று வரிசையாக நாடுகள். டீக்கடைப் பேச்சும் அதற்கேற்ப மாறும். ‘அந்தக் காலேஜ் அப்ரூவ்டா?’ என்று ஒருவர் கேட்டால் நாலு பதில் வரும். ‘டபிள்யூ.ஹெச்.ஓ. அப்ரூவல் இருக்காம்.’ ‘என்.எம்.சி. லிஸ்ட்ல இருக்காம்.’ ‘அங்க படிச்சவனை இங்க வேணும்னே ஃபெயில் ஆக்குறாங்க.’ ‘எம்.டி. பட்டமே தர்றாங்களாம், இங்க அது மேல்படிப்பாச்சே!’

முதல் இரண்டு பதிலில் வருவது உலக சுகாதார நிறுவனமும் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமும். நாலுமே தப்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் கேட்பவர் நம்பிவிடுகிறார். குமுளியில் நான் வேலை பார்க்கும் அக்ஷயா சென்டருக்கு, அதாவது கேரள அரசின் இ-சேவை மையத்துக்கு, கல்விக் கடன் விண்ணப்பம் போட வருகிறவர்களில் பலர் ஏலக்காய்த் தோட்டத்தையோ வீட்டையோ அடமானமாகக் காட்டுகிறார்கள். அவ்வளவு பணம் போகிற இடத்தில் இந்தப் பேச்சை இப்படியே விடக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விஷயம் ஒன்றுதான். ‘அங்கீகாரம்’ என்று நாம் மொத்தமாகப் பேசுவதற்குள் இரண்டு தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஒன்று கல்லூரியைச் சோதிப்பது. இன்னொன்று, அங்கே படித்துவிட்டு வந்த ஆளைச் சோதிப்பது. நடத்துகிறவர்கள் வேறு, நடக்கும் காலமும் வேறு. ஒன்றில் தேறிவிட்டால் மற்றதிலும் தேறியதாக ஆகாது.

ஸ்டோரைப் பார்ப்பதும் சாம்பிளைப் பார்ப்பதும்

நம் பக்கத்தில் ஏலக்காய் தெரியாதவர் கிடையாது. புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குக் காய் வரும்போது வியாபாரி தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பதில்லை. அவர் கைக்கு வருவது லாட்டிலிருந்து எடுத்த ஒரு சாம்பிள் பொட்டலம். பிரித்துக் கொட்டி நிறம் பார்ப்பார், வெடித்த காய் எவ்வளவு என்று பார்ப்பார், காய் எட்டு மில்லிமீட்டர் தேறுமா, லிட்டர் எடை நிற்குமா என்று கணக்குப் போடுவார். விலை அதற்குத்தான்.

வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவருக்கு இது போதாது. மருந்து எப்போது அடித்தார்கள், காய் உலர்த்தும் இடமான ஸ்டோரில் எந்தச் சூட்டில் உலர்த்தினார்கள், நிறத்துக்காக எதையாவது சேர்த்தார்களா என்பதெல்லாம் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்துத் தெரியாது. தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதே நேரம், எவ்வளவு நல்ல ஸ்டோராக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையும் நன்றாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

மருத்துவக் கல்லூரியைச் சோதிப்பது ஸ்டோரைப் பார்ப்பது. டாக்டருக்குப் பரீட்சை வைப்பது சாம்பிளைப் பார்ப்பது. இனி உவமையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருவோம்.

கல்லூரியைச் சோதிப்பது என்றால் என்ன

மருத்துவக் கல்விக்கென்று ஒரு நாட்டில் பொறுப்பாக்கப்பட்ட அமைப்பு, ஒரு கல்லூரியை நேரிலும் ஆவணங்கள் வழியாகவும் ஆராய்ந்து ‘இங்கே படித்தால் டாக்டராகத் தேவையான பயிற்சி கிடைக்கும்’ என்று சொல்வதற்குப் பெயர் தர அங்கீகாரம். எத்தனை ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, அந்தப் படுக்கைகளில் உண்மையில் நோயாளிகள் இருக்கிறார்களா, வெளிநோயாளிப் பிரிவில் தினமும் எவ்வளவு கூட்டம், உடற்கூறியல் கூடத்தில் உடல்கள் இருக்கின்றனவா, பாடத்திட்டம் என்ன, தேர்வை எப்படி நடத்துகிறார்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்குப் பழைய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, ஆஸ்பத்திரியே இல்லாமல் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து 1910-ல் அறிக்கை வெளியிட்டார். அவர் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பரிசோதனைக்கூடம் இருப்பதாக அச்சடித்த இடத்தில் பூட்டின அறைதான் இருந்தது என்கிற மாதிரியான தகவல்களைப் பெயர் சொல்லியே எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அப்போது இருந்த ஏழு கறுப்பினத்தவர் மருத்துவப் பள்ளிகளில் ஐந்து மூடப்பட, ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. தரம் என்று கோடு போடும்போது அது யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரியை 2014-ல் ஆரம்பித்தார்கள். கட்டமைப்பு போதாது என்று மருத்துவக் கவுன்சில் அனுமதியைத் தொடரவில்லை. சேர்ந்திருந்த பிள்ளைகளை வேறு அரசுக் கல்லூரிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2022-ல்தான் 100 இடங்களோடு மறுபடி அனுமதி கிடைத்தது. அரசாங்கக் கல்லூரிதானே, பெயர்ப்பலகை இருக்கிறதே என்பதெல்லாம் எடுபடவில்லை. வண்டிப்பெரியாரிலிருந்து கோட்டயத்துக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நமக்கு அது வருத்தமான செய்திதான். ஆனால் அங்கீகாரம் என்பது வேலை செய்தால் அது இப்படித்தான் தெரியும்.

இந்தியாவில் இந்த வேலையை முன்பு செய்தது இந்திய மருத்துவக் கவுன்சில். 2010-ல் அதன் தலைவரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்ததும் கவுன்சிலைக் கலைத்தார்கள். பல மாற்றங்களுக்குப் பிறகு 2019-ல் சட்டம் வந்து, 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றது. சுருக்கமாக என்.எம்.சி. என்கிறோம். ஆய்வு நாளன்று மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் பேராசிரியர்கள், வண்டி வைத்துக் கூட்டிவந்து படுக்கவைக்கப்படும் ‘நோயாளிகள்’ என்பதெல்லாம் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அறிந்த கதை. அதனால்தான் ஆசிரியர்களுக்கு ஆதாரோடு இணைத்த வருகைப் பதிவு வந்தது. அதற்குப் பிறகும் 2025-ல் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் என்று சிபிஐ வழக்குப் பதிந்தது. ஆக, கல்லூரியைச் சோதிக்கிறவரையும் யாராவது சோதிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது: கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது அந்தந்த நாட்டு அமைப்பு. அது ஒரு காலத்துக்குத்தான் செல்லும். அந்த அமைப்பு எவ்வளவு நேர்மையாகப் பார்த்ததோ அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

டபிள்யூ.ஹெச்.ஓ. இதில் எங்கே வருகிறது?

எங்கேயும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டிலும் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. தரும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனாலும் வெளிநாட்டுக் கல்லூரிகளில் சேர்த்துவிடும் ஏஜென்சிகளில், நோட்டீஸில் அந்த நிறுவனத்தின் முத்திரை இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. வண்டன்மேட்டிலிருந்து வந்த ஒரு அண்ணன் அதை மேஜையில் விரித்து வைத்து, “தம்பி, உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிட்ட காலேஜ். இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். “அண்ணே, முத்திரையை யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். அவங்க கொடுத்த லெட்டர் நம்பர் எங்க இருக்குன்னு கேளுங்க” என்றேன். ஏஜெண்டுக்கு அங்கேயே போன் போட்டார். எதிர்முனையில் ‘டைரக்டரியில் பேர் இருக்கு சார்’ என்று பதில் வந்தது.

அந்த டைரக்டரிதான் இந்தக் குழப்பத்தின் வேர். உலக சுகாதார நிறுவனம் 1950-களிலிருந்து உலகத்தில் எங்கெங்கே மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியலைப் புத்தகமாகப் போட்டுவந்தது. பிறகு அதை நிறுத்திக்கொண்டது. இப்போது இருப்பது 2014-ல் வந்த ‘உலக மருத்துவப் பள்ளிகள் டைரக்டரி’. அதை நடத்துவது வேறு அமைப்புகள். இப்படி ஒரு கல்லூரி இருக்கிறது, அந்த நாட்டு அரசு அதை ஏற்றிருக்கிறது என்பது மட்டும்தான் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதற்குப் பொருள். பட்டியலில் இருப்பது தரத்துக்கான சான்று அல்ல என்று அதை நடத்துகிறவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். டெலிபோன் டைரக்டரியில் பெயர் இருந்தால் நல்ல மனுஷன் என்று அர்த்தமா என்ன?

அதே டைரக்டரியை நடத்துவதில் பங்குள்ள ஓர் அமைப்பு டபிள்யூ.எஃப்.எம்.இ., அதாவது மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பு. 1972-ல் தொடங்கியது. சோதிக்கிறவரை யார் சோதிப்பது என்று மேலே கேட்டோமே, அந்த வேலையைச் செய்வது இதுதான். ஒரு நாட்டின் அங்கீகார அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா, விதிகள் வெளிப்படையாக இருக்கின்றனவா, நேரில் போய்ப் பார்க்கிறார்களா, முடிவெடுப்பதில் சொந்த லாபம் கலக்கிறதா என்று ஆராய்ந்து அந்த அமைப்புக்குச் சான்று தரும். கல்லூரிகளுக்குத் தராது.

2023 செப்டம்பரில் நம் என்.எம்.சி.க்கு அந்தச் சான்று 10 ஆண்டுகளுக்குக் கிடைத்தது. அடுத்த நாள் பேப்பர்களில் ‘இந்தியாவின் 706 மருத்துவக் கல்லூரிகளுக்கும் உலக அங்கீகாரம்’ என்ற பாணியில் செய்தி வந்தது. பல கல்லூரிகள் வாசலில் போர்டும் வைத்துக்கொண்டன. உண்மையில் சோதிக்கப்பட்டது என்.எம்.சி. மட்டுமே. 706 கல்லூரிகளில் ஒன்றுக்குக்கூட அந்தக் கூட்டமைப்பு தனியாகச் சான்று கொடுக்கவில்லை. வெளிநாட்டு ஏஜெண்டுகள் ‘எங்கள் காலேஜ் டபிள்யூ.எஃப்.எம்.இ. அப்ரூவ்டு’ என்று சொல்வதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அந்த நாட்டில் உள்ள ஏதோ ஓர் அங்கீகார அமைப்புக்குச் சான்று இருக்கலாம். அந்த அமைப்பு இந்தக் கல்லூரியைப் பார்த்து ஒப்புதல் தந்ததா என்பது அடுத்த கேள்வி.

இந்தச் சான்றுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியை அமெரிக்காவில் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு, இப்படிச் சான்று பெற்ற அமைப்பு அங்கீகரித்த கல்லூரியில் படித்தவர்களைத்தான் 2023 முதல் ஏற்போம் என்று 2010-ல் அறிவித்தது. உலகம் முழுக்க நாடுகள் பரபரத்தன. பிறகு அதை 2024-க்குத் தள்ளி, கட்டாயம் என்பதையும் தளர்த்திவிட்டார்கள். இப்போது விண்ணப்பிக்கிறவரின் கல்லூரி அந்த வகையில் வருகிறதா இல்லையா என்று குறிப்பில் காட்டுவதோடு சரி.

என்.எம்.சி. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ‘அப்ரூவல் லிஸ்ட்’ எதுவும் வெளியிடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதிகளைச் சொல்லும், சேருகிற கல்லூரி அந்த விதிக்குள் வருகிறதா என்று பார்ப்பது மாணவர் பொறுப்பு என்று விட்டுவிடும். நியாயமா என்று கேட்டால், பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் வைக்கிற பொறுப்பில்லை அது என்பதுதான் என் எண்ணம்.

சுருக்கமாக: டைரக்டரி என்பது பட்டியல். டபிள்யூ.எஃப்.எம்.இ. சான்று அந்த நாட்டு அமைப்புக்கு. கல்லூரியைப் பார்த்தது யார் என்ற கேள்விக்கு இந்த இரண்டும் பதில் ஆகாது.

அப்புறம் டாக்டரை ஏன் தனியாகச் சோதிக்க வேண்டும்?

குமுளியில் உட்கார்ந்துகொண்டு கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கல்லூரியின் வார்டில் நோயாளி இருக்கிறாரா என்று பார்க்க முடியாது. டெல்லியில் இருப்பவர்களாலும் முடியாது. உலகத்தில் ஆயிரக்கணக்கான மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் திரும்பி வருகிற ஆளிடம் நேராகக் கேள்வி கேட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் அந்தப் பரீட்சைக்குப் பெயர் எஃப்.எம்.ஜி.இ. நம் ஊரில் ‘ஸ்கிரீனிங் டெஸ்ட்’ என்பார்கள். 2002-ல் வந்தது. தேசியத் தேர்வு வாரியம் வருஷத்துக்கு இரண்டு முறை, ‘ஜூன்’, ‘டிசம்பர்’ என்ற பெயர்களில் நடத்துகிறது. கம்ப்யூட்டரில் 300 கேள்விகள், எல்லாம் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. காலையில் 150, மதியம் 150. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். 150 எடுத்தால் பாஸ். இத்தனை பேரைத்தான் பாஸ் போடுவார்கள் என்ற கணக்கு எதுவும் கிடையாது. எழுதிய அத்தனை பேரும் 150 எடுத்தால் அத்தனை பேரும் பாஸ். ‘வேணும்னே ஃபெயில் ஆக்குறாங்க’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் தேர்ச்சி விகிதம் குறைவுதான். அண்மை ஆண்டுகளில் ஒரு தடவை பத்தில் ஒருவர், இன்னொரு தடவை மூன்றில் ஒருவர் என்று ஏறி இறங்குகிறது. இதைப் பார்த்து ‘பத்துப் பேர் போனால் எட்டுப் பேர் டாக்டர் ஆவதில்லை’ என்று சொல்வதும் அவசரம். அந்த விகிதம் ஆட்களை எண்ணுவதில்லை, எழுதிய தடவைகளை எண்ணுகிறது. ஒரு கல்லூரியில் படித்த எல்லோருமே மூன்று முறை ஃபெயிலாகி நாலாவது முறை பாஸ் ஆகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் இதே மாதிரி நடந்தால் அந்தக் கல்லூரியின் தேர்ச்சி 25 சதவீதம் என்றுதான் கணக்கில் வரும். கடைசியில் எல்லோரும் டாக்டர். அதேபோல மனம் வெறுத்து எழுதுவதையே விட்டுவிட்டவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். கல்லூரி வாரியாக வரும் பட்டியலில் ‘80 சதவீதம் தேர்ச்சி’ என்று ஒரு கல்லூரி மின்னினால் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கட்டத்தையும் பாருங்கள். ஐந்து பேர் எழுதி நாலு பேர் பாஸ் ஆகியிருக்கலாம்.

இந்தப் பரீட்சையால் பிடிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மூச்சுத் திணறிக்கொண்டு வரும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து என்ன கேட்கிறது என்று சொல்லத் தெரியுமா, பயந்துபோன அம்மாவிடம் பேசத் தெரியுமா என்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வராது. பிரிட்டன் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே பிளாப் என்ற தேர்வின் முதல் பகுதி 180 கேள்விகள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டருக்கு நேரில் போக வேண்டும். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரோ, பொம்மை உடலோ இருக்கும். எட்டு நிமிஷம். பக்கத்தில் ஒரு தேர்வாளர் பேசாமல் குறித்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவிலும் இப்படி ஒரு நேரடித் தேர்வு இருந்தது. கொரோனாவில் நிறுத்தி, 2021-ல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வெளிநாட்டில் படித்தவர்களின் மருத்துவத் திறனுக்கு வேறு சான்றுகளும் ஆங்கிலத் தேர்வும் கேட்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். அமெரிக்காவில் உள்ளூரில் படித்தவரும் வெளிநாட்டில் படித்தவரும் ஒரே யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வைத்தான் எழுதுகிறார்கள். இந்தியாவில் எஃப்.எம்.ஜி.இ. வெளியே படித்தவருக்கு மட்டும். இங்கே படித்தவர் தன் பல்கலைக்கழகத் தேர்வில் தேறினால் போதும். ஆகவே இந்தியக் கல்லூரியில் படித்தவர்கள் இதை எழுதினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் கணக்கு கிடையாது. இரு தரப்புக்கும் பொதுவாக நெக்ஸ்ட் என்ற தேர்வை 2019 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2023-ல் தள்ளிப்போட்டார்கள். அது வந்தால்தான் இந்தக் குறை தீரும்.

இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும் அநியாயம் என்று தோன்றினால் கொஞ்சம் பழைய கதை கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நம் மருத்துவப் பட்டங்களைப் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் ஏற்றுவந்தது. 1920-களில் இந்தியக் கல்லூரிகளில் பிரசவப் பயிற்சி போதவில்லை என்று தகராறு கிளம்பி, 1930-ல் ஏற்பதை நிறுத்தினார்கள். இங்கே பெரிய கொந்தளிப்பு. நம் கல்லூரிகளை நாமே சோதித்துக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1933-ல் சட்டம் வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் பிறந்தது அப்படித்தான். பிற்பாடு 1975-ல் பிரிட்டன் மறுபடி இந்தியப் பட்டங்களை அப்படியே ஏற்பதை நிறுத்திப் பரீட்சை வைத்தது. இன்றைய பிளாபுக்கு முன்னோடி அதுதான். இன்று கிர்கிஸ்தான் கல்லூரியை நாம் பார்க்கிற பார்வையில் அன்று நம் கல்லூரிகளை அவர்கள் பார்த்தார்கள்.

பரீட்சை ஹாலுக்குப் போகும் முன்பே இருக்கும் கதவு

பலருடைய கனவு பரீட்சையில் உடைவதில்லை. எழுதவே தகுதி இல்லை என்று அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. 2021 நவம்பரில் என்.எம்.சி. கொண்டுவந்த விதிகளை ஏஜெண்டுகள் சொல்வதில்லை, அல்லது பாதி சொல்கிறார்கள்.

வெளிநாடு போகும் முன்பே நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதங்கள். அதன்பின் அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக வேலை. ஆங்கிலத்தில் பாடம். முழுப் படிப்பும் ஒரே கல்லூரியில். பாதியில் இன்னொன்றுக்குத் தாவ முடியாது. திரும்பி வந்து ஸ்கிரீனிங் தேறிய பின் இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. எல்லாவற்றையும் சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொரு விதியில். படித்த நாட்டில், அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையாக டாக்டர் தொழில் செய்ய லைசென்ஸ் பெறும் தகுதி இருக்க வேண்டும். சில நாடுகள் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும், பட்டமும் கொடுக்கும், ஆனால் தொழில் செய்ய லைசென்ஸ் தராது. அப்படிப்பட்ட பட்டம் இங்கே செல்லாது. இந்த விதியின் நோக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. உன் ஊர் நோயாளியைத் தொட நீயே அனுமதிக்காத ஆளை என் ஊருக்கு ஏன் அனுப்புகிறாய் என்று கேட்கிறது அது.

பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ். என்று ஒரு முன்படிப்பு, அதன்பின் எம்.டி. அந்த முன்படிப்பு மாதங்கள் 54-க்குள் கணக்கில் வராது. உக்ரைன் போருக்குப் பிறகு ஆன்லைனில் படித்தவர்கள், வார்டில் நிற்காத அந்தக் காலத்துக்கு ஈடாகக் கூடுதல் பயிற்சி செய்ய வேண்டி வந்தது. ‘எம்.டி.’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா போன்ற நாடுகளில் அது அடிப்படை மருத்துவப் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். இடத்தில் நிற்பது. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருஷம் படிக்கும் எம்.டி. வேறு.

மறுபடி சொன்னால்: முதலில் விதிப்படி படித்தாரா என்று பார்க்கிறார்கள். அதன்பின்தான் தெரிந்து படித்தாரா என்று பரீட்சை.

தாள் உண்மையானதா?

வளைகுடாவுக்குப் போகிற டாக்டர், நர்ஸ் குடும்பங்களுக்கு ‘டேட்டாஃப்ளோ’, ‘பிரோமெட்ரிக்’ இரண்டும் பழகிய பெயர்கள். பிரோமெட்ரிக் என்பது தேர்வு மையங்கள் நடத்தும் நிறுவனம்; பரீட்சை அங்கே எழுதுவதால் பரீட்சைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. டேட்டாஃப்ளோ செய்வது மூலச் சரிபார்ப்பு. அதாவது, நீங்கள் காட்டும் சர்டிபிகேட்டை விட்டுவிட்டு, அதைக் கொடுத்த கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேராக எழுதி ‘இது நீங்கள் கொடுத்ததுதானா’ என்று கேட்பது. கல்லூரி பதில் போடத் தாமதித்தால் விசா தாமதமாகும். கல்லூரியே மூடிப்போயிருந்தால் பெரிய தலைவலி. படிக்கப்போகும் கல்லூரி இன்னும் இருபது வருஷம் நிற்குமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

பணம் கட்டும் முன்

ஸ்கிரீனிங் தேறினாலும் இந்தியா முழுக்க ஒரே கையெழுத்தில் டாக்டர் ஆகிவிட முடியாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிக் காலத்துக்குத் தற்காலிகப் பதிவு, முடித்தபின் நிரந்தரப் பதிவு. நமக்கு இது கொஞ்சம் கூடுதல் வேலை. கம்பத்தில் ஆஸ்பத்திரி வைக்க நினைப்பவருக்குச் சென்னையில் உள்ள தமிழ்நாடு கவுன்சில், குமுளியில் என்றால் திருவனந்தபுரம். ஒரு பக்கம் பதிந்துவிட்டு மறு பக்கம் தொழில் செய்ய வேண்டுமானால் தடையின்மைச் சான்று வாங்கி அந்தப் பக்கத்துக் கவுன்சிலில் பதிய வேண்டும். செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும் வேலைதானே என்று விட்டுவிடக் கூடாது.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. அந்த நாட்டில் கல்லூரிக்கு அங்கீகாரம் தந்த அமைப்பின் பெயர் என்ன, அது எந்தத் தேதி வரை செல்லும்? வெளிநாட்டு மாணவருக்கு அங்கே தொழில் செய்ய லைசென்ஸ் தரும் சட்டப் பிரிவு எது? முன்படிப்பு, மொழிப் படிப்பு நீங்கலாக மருத்துவப் படிப்பு எத்தனை மாதம், பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை படுக்கை? வார்டில் நோயாளிகள் பேசும் மொழியைக் கற்றுத்தருகிறார்களா? பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளி ரஷ்யனிலோ ஜார்ஜியனிலோதான் வலி சொல்வார்.

இதற்கெல்லாம் பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு கேளுங்கள். ‘வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள சீட் போயிடும்’ என்றார்களானால், சரி, முன்பணமும் அதுவரை பேங்கிலேயே இருக்கட்டும்.